பொதுவாக்கெடுப்புக்குப் பின்: ஈழத்தமிழர் தன்னாட்சி இயக்கத்தின் நெடுங்கால வாய்ப்புகள்

1. முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் பத்து பாகாட் நகரில் தமிழாசிரியர்களோடு நாம் கலந்துகொண்ட ஓர் உரையாடலில் இளைய ஆசிரியர் ஒருவர் பின்வரும் வினாவை எழுப்பினார். "புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தனிநாடு வேண்டுமென வாக்களித்தார்கள் என்று என் மாணவன் சொல்கிறான். அப்படியானால் அந்த நாடு ஏன் அமையவில்லை என்றும் அவனே கேட்கிறான். நாங்கள் என்ன விடை சொல்வது?" அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவுக்கு உரிய விடையை முறையாகத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இவ்வினா பத்து பாகாட்டுக்கு அயலானது எனக் கூறவியலாது. 1946இல் மலாயன் யூனியன் திட்டத்துக்கு எதிராக எழுந்த பேரியக்கத்தை வழிநடத்திய டத்தோ ஓன் ஜாபார், அக்காலத்தில் பத்து பாகாட் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். அதேபோல், ஈழத்தமிழர் அரசியலில் 'தந்தை செல்வா' எனப் போற்றப்படும் சா. ஜே. வே. செல்வநாயகம் 1898இல் ஈப்போவில் பிறந்தவர். ஒரு மக்கள் தம் அரசியல் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்வது எவ்வாறு என்னும் வினா, இவ்விரு வரலாறுகளுக்கும் பொதுவானது.

பொதுவாக்கெடுப்பு நடந்த பின்னர் ஒரு விடுதலை இயக்கத்தின் நெடுங்கால வாய்ப்பை எவை முடிவு செய்கின்றன என்பதை ஈழத்தமிழர் வரலாற்றைக் கொண்டு விளக்குவது நம் நோக்கம். ஒப்பீட்டுக்காகப் புதுச்சேரி, சிங்கப்பூர் முதலிய இடங்களின் அனுபவங்களும் எடுத்தாளப்படுகின்றன.

2. மூன்று சொற்கள்

வகுப்பறையிலும் மேடையிலும் மூன்று சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிவது முதற்படியாகும்.

'மக்களாணை' என்பது பொதுத்தேர்தலில் ஒரு கட்சி தன் கொள்கையை முன்வைத்து வென்று, அவ்வெற்றியை அக்கொள்கைக்கான ஒப்புதலாகக் கொள்வது. 'பொதுவாக்கெடுப்பு' என்பது ஒரு குறிப்பிட்ட வினாவை மக்கள்முன் நேரடியாக வைத்து, சட்டத்தின்வழி விடை பெறுவது. 'கருத்தறி வாக்கெடுப்பு' என்பது அரசின் பங்கேற்பின்றி ஒரு சமூகம் தன் விருப்பத்தைத் தானே பதிவு செய்வது. மூன்றிலும் வாக்குச்சீட்டு உண்டு, பெட்டி உண்டு, எண்ணிக்கையும் உண்டு. ஆயின், முடிவு வெளிவந்த மறுநாள் என்ன நிகழும் என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. ஈழத்தமிழர் வரலாற்றில் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் இடம்பெற்றுள்ளன.

3. மக்களாணையின் காலம்

1972இல் இலங்கையில் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதனைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என நிறுவும் பொருட்டுச் செல்வநாயகம் தம் காங்கேசன்துறை நாடாளுமன்ற இடத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை நடத்துமாறு அவர் விடுத்த அறைகூவலுக்கு அரசு உடனே செவிசாய்க்கவில்லை. 1975 பெப்ரவரியில்தான் அத்தேர்தல் நடந்தது. அவர் பெரும்பான்மை வாக்குகளால் வென்றார். 1976 மே 14ஆம் நாள் அவர் தலைமையில் தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நிறைவேற்றித் தனியரசைத் தன் இலக்காக அறிவித்தது. 1977 ஏப்ரலில் செல்வநாயகம் மறைந்தார். அவ்வாண்டு சூலையில் நடந்த பொதுத்தேர்தலைத் தனியரசுக்கான ஒப்புதலாகவே கருதுமாறு கூட்டணி மக்களைக் கேட்டுக்கொண்டது.

முடிவு குறிப்பிடத்தக்கது. வட மாகாணத்தின் 14 இடங்களையும் கூட்டணி வென்றது. கிழக்கில் 4 இடங்களைப் பெற்றது. 18 உறுப்பினர்களோடு அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எனினும் இவ்வெற்றிக்கு இரு எல்லைகள் இருந்தன. முதலாவது, தமிழர், முஸ்லிம்கள், சிங்களர் ஆகிய முத்தரப்பினரும் வாழும் கிழக்கில் ஆதரவு வடக்கைப்போல் ஒருமுகப்பட்டதாக இல்லை. இரண்டாவது, கூட்டணியின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவராகிய சௌ. தொண்டமான், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வு தென்பகுதியோடு பிணைந்தது என்பதை உணர்ந்து தனியரசுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றார்; 1978இல் அமைச்சரவையிலும் சேர்ந்தார். தோட்ட மரபில் வந்த மலேசியத் தமிழர்க்கு அவர் நிலைப்பாட்டின் பொருள் எளிதில் விளங்கும்.

168 இடங்களுள் 140ஐ வென்ற ஆளுங்கட்சி, கூட்டணியின் மக்களாணையை ஒரு பேச்சுப்பொருளாகவும் ஏற்கவில்லை. இதே காலத்தின் பிறிதொரு நிகழ்வையும் இங்கு நினைவுகூர வேண்டும். இலங்கை தழுவிய ஒரே பொதுவாக்கெடுப்பு 1982 திசம்பர் 22ஆம் நாள் நடந்தது. அதன் பொருள் இனச்சிக்கல் அன்று. நாடாளுமன்றத்தின் காலத்தைத் தேர்தலின்றி ஆறாண்டு நீட்டிப்பதே. விளக்குச் சின்னம் ஒப்புதலையும் குடச் சின்னம் மறுப்பையும் குறித்தன. நாடளவில் ஏறத்தாழ 54.7 விழுக்காட்டினர் ஒப்பினர். யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மறுத்தனர். ஒரே வாக்கெடுப்பில் இரு வேறு பெரும்பான்மைகள் வெளிப்பட்டன. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணும்போது சிறுபான்மை இனத்தின் குரல் எவ்வாறு கரைந்துவிடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

1983 சூலை வன்செயல்களுக்குப் பின், ஆகத்தில் நிறைவேறிய ஆறாம் யாப்புத் திருத்தம், தனியரசை ஆதரிப்பதையே குற்றமாக்கியது. அதற்குரிய உறுதிமொழியை ஏற்காத கூட்டணி உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்தனர். மக்களாணையின் வாயில் இவ்வாறு சட்டத்தால் அடைக்கப்பட்டது. அதன்பின் களம் ஆயுத இயக்கங்களின் கைக்குச் சென்றது.

4. நடவாத வாக்கெடுப்பு

ஈழத்தமிழர் வரலாற்றில் மிக முக்கியமான பொதுவாக்கெடுப்பு எதுவெனின், நடவாத ஒன்றையே நாம் சுட்டுவோம். 1987 சூலை 29ஆம் நாள் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கை, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக்கியது. 1988 முடிவதற்குள் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, இணைப்பு தொடர்வதா இல்லையா என்பதை முடிவு செய்வதாகவும் அது கூறியது. தேதியைத் தள்ளிவைக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கு இருந்தது. வாக்கெடுப்பு ஆண்டுதோறும் தள்ளிவைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், 2006 அக்டோபர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விணைப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007 சனவரி முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின.

இந்நிகழ்வு கற்பிப்பது யாது? அவ்வாக்கெடுப்பு நடந்திருந்தால் எம்முடிவு வந்திருக்கும் என எவரும் உறுதியாகக் கூறவியலாது. தமிழ்த் தலைமைகளுக்கும் அத்தேர்வு எளிதானதாக இருந்திராது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருமித்து வாக்களித்தால்தான் இணைப்பு உறுதிப்படும் நிலை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் வாழ்விடங்களினின்று வெளியேற்றியமை, அந்த ஒருமிப்புக்கான அடித்தளத்தையே தகர்த்தது. வாக்கெடுப்பில் வெல்வதற்கு முன்பே அண்டை அயலாரின் நம்பிக்கையை வெல்ல வேண்டியிருந்தது. அதனை இழந்த இழப்பு எந்த வாக்குக் கணக்கிலும் தென்படாது.

5. புலம்பெயர்ந்தோரின் வாக்கெடுப்புகள்

இம்மரபின் தொடர்ச்சியாகவே 2009-2010இல் நடந்த கருத்தறி வாக்கெடுப்புகளைக் காண வேண்டும். முதலாவது வாக்கெடுப்பு 2009 மே 10ஆம் நாள் நார்வேயில் நடந்தது. அன்று முள்ளிவாய்க்காலில் போர் இன்னும் ஓயவில்லை. அவ்விறுதிக்கட்டப் போரில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் குறிப்பிட்டது. மே 19ஆம் நாளுக்குள் போர் முடிவுற்றது. தொடர்ந்து பிரான்சு, கனடா, சுவிட்சர்லாந்து, செருமனி, பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வாக்கெடுப்புகள் நடந்தன. வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் இலக்கை ஏற்கிறீர்களா என்பதே வினாவின் சாரம். கனடாவில் ஏறத்தாழ 48,500 பேரும் பிரித்தானியாவில் ஏறத்தாழ 64,600 பேரும் வாக்களித்தனர். எல்லா நாடுகளிலும் ஒப்புதல் ஏறத்தாழ 99 விழுக்காடு.

பேரிழப்பின் நடுவே வன்முறை சாராத வழியில் தம் கருத்தைப் பதிவு செய்ய இத்துணை மக்கள் வரிசையில் நின்றமை சிறிய செய்தியன்று. உறவினரைப் பறிகொடுத்தோர் பலர்க்கு அவ்வாக்குச்சீட்டு ஒரு நினைவேந்தலும் ஆகும். அதனை மதிப்பதோடு அதன் வரம்பையும் ஆய்வாளர் கூறியாக வேண்டும். எந்த அரசும் பேணிய வாக்காளர் பட்டியல் இதற்கு அடிப்படையாக இல்லை. மாற்றுக்கருத்துடையோர் பெரும்பாலும் வாக்களிக்க வரமாட்டார்கள். எனவே 99 விழுக்காடு என்பது வந்தோரின் ஒருமிப்பைக் காட்டுகிறதே தவிர, வராதோரின் எண்ணத்தைக் காட்டவில்லை. யாவற்றினும் முதன்மையாக, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழும் மக்கள் இவ்வினாவுக்கு விடையளிக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. ஆறாம் திருத்தம் அங்கு இன்னும் நடைமுறையில் உள்ளது.

இவ்வாக்கெடுப்புகளின் உடனடி விளைவாக எழுந்தது நாடு கடந்த தமிழீழ அரசாங்கம். 2010 மே மாதத்தில் அதற்கான தேர்தல் பல நாடுகளில் நடந்தது. முதல் அமர்வு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கூடியது. இவ்வமைப்பு பன்னாட்டு அரங்குகளில் நீதிக்கான குரலாக இயங்கி வருகிறது. ஆயினும் வாக்கெடுப்பின் முடிவைச் செயற்படுத்தும் நிலமோ அதிகாரமோ அதனிடம் இல்லை.

6. நூற்றெழுபத்தெட்டு வாக்குகள்

இங்கு, தமிழ் நிலத்திலேயே நடந்த மற்றொரு வாக்கெடுப்போடு இதனை ஒப்பிடலாம். 1954 அக்டோபர் 18ஆம் நாள், புதுச்சேரியை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில், பிரெஞ்சிந்தியாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். பதினான்கு நாள்களில், நவம்பர் முதல் நாளன்று, ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1956இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962இல் அது சட்டப்படி முழுமையுற்றது.

178 பேரின் வாக்கு ஓர் ஆட்சியை மாற்றியது. பல்லாயிரம் பேரின் வாக்கு ஓர் ஊராட்சியைக்கூட மாற்றவில்லை. இம்முரணே நம் மாணவனின் வினாவுக்கான திறவுகோல். கீழூரில் பெட்டி திறக்கப்படுவதற்கு முன்பே இரு அரசுகளும் முடிவை ஏற்பதாக உடன்பட்டிருந்தன. அவ்வுடன்பாடு எளிதாகக் கிட்டியதன்று. பொதுவாக்கெடுப்பு நடத்துவதென 1948இலேயே இரு நாடுகளும் ஒத்துக்கொண்டும், புதுச்சேரியில் அஃது ஆறாண்டு காலம் நடைபெறவில்லை. வ. சுப்பையா முதலியோரின் நெடிய மக்கள் போராட்டமும், பிரெஞ்சுச் சார்பாளராக இருந்த எதுவார் குபேர் 1954இல் இணைப்பின் பக்கம் சாய்ந்தமையும், இந்தோசீனத்தில் பிரான்சு அடைந்த தோல்வியும் சேர்ந்தே வழியைத் திறந்தன. கீழூர் வாக்கெடுப்பு, முன்பே கனிந்த ஒரு முடிவுக்கு இடப்பட்ட முத்திரை எனலாம்.

அத்தோடு எல்லாம் அடங்கிவிடவும் இல்லை. 1979 சனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் கருத்து நடுவணரசிடமிருந்து எழுந்தபோது, அதனை எதிர்த்துப் புதுச்சேரி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மக்களின் அரசியல் அடையாளம் ஒரு வாக்கெடுப்போடு உறைந்துவிடுவதில்லை.

7. அண்டை நாடும் அயல்நாடுகளும்

நம் தீபகற்பத்தின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. மலாயா பொதுவாக்கெடுப்பின்றியே விடுதலை பெற்றது. 1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களுள் 51ஐ வென்றது. அம்மக்களாணையைப் பிரித்தானியா பேச்சுவார்த்தைக்கான அடிப்படையாக ஏற்றது. 1957இல் நாடு விடுதலை அடைந்தது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்ற மக்களாணைக்கு இத்தகைய ஏற்பாளர் இல்லை. சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் முதல் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்தது. முன்வைக்கப்பட்ட மூன்று தெரிவுகளும் இணைப்பின் வகைகளே. இணைப்பு வேண்டாம் என்னும் தெரிவு சீட்டில் இல்லை. ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அரசின் தெரிவை ஆதரித்தனர். நான்கில் ஒருவர் வெற்றுச்சீட்டிட்டனர். மூன்றாண்டுக்குள், 1965 ஆகத்து 9ஆம் நாள், சிங்கப்பூர் பிரிந்தது. வாக்குகள் இணைத்ததை அன்றாட அரசியல் பிரித்தது.

உலக அரங்கிலும் இதே பாடம். கியூபெக்கில் 1995இல் பிரிவினை ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் தோற்றது. 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம், தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கிட்டினால் மத்திய அரசு பேச்சுவார்த்தைக்கு வரக் கடப்பாடு உடையது என்றது. ஸ்காட்லாந்தில் 2014இல் 55 விழுக்காட்டினர் பிரிவினையை மறுத்தனர். ஆயின், தோற்ற தேசியக் கட்சி மறு ஆண்டில் அங்குள்ள 59 இடங்களுள் 56ஐ வென்றது. 2024இல் அதுவே 9 இடங்களாகச் சுருங்கியது. கிழக்குத் தீமோரில் 1999இல் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். இந்தோனேசியா, போர்த்துகல், ஐ.நா. ஆகிய மூன்றும் முன்னரே உடன்பட்ட வாக்கெடுப்பு அது. பெருவன்முறைக்குப் பின்னரேனும் 2002இல் நாடு பிறந்தது. 2017இல் ஈராக்கியக் குர்திஸ்தானில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புதல் கிட்டியும், நடுவணரசின் உடன்பாடு இன்மையால் சில வாரங்களில் கிர்குக் நகரே கைநழுவியது. பூகன்வில் தீவில் 2019இல் 98 விழுக்காட்டினர் விடுதலையை விரும்பினர். பாப்புவா நியூகினி நாடாளுமன்றத்தின் ஏற்பே அதற்கடுத்த படியாயிற்று.

8. நெடுங்கால வாய்ப்பு

இவ்வொப்பீடுகளிலிருந்து, வாக்கெடுப்புக்குப் பிந்திய இயக்கத்தின் நெடுங்கால வாய்ப்பை நான்கு காரணிகள் முடிவு செய்வதாக நாம் கருதுகிறோம். அவை: முடிவை ஏற்க மறுதரப்பு முன்னரே உடன்பட்டமை, அந்நிலத்தில் வாழும் பல்வேறு சமூகங்களின் நம்பிக்கை, அன்றாட வாழ்வில் மக்கள் பயன்கொள்ளும் நிறுவனங்கள், அடுத்த தலைமுறையின் பற்று.

ஈழத்தமிழரைப் பொறுத்தவரை முதற்காரணி இன்றுவரை இல்லை. ஆகவே தனியரசு என்னும் இலக்கு அண்மை எதிர்காலத்தில் நிறைவேறும் என்று கூற ஆய்வுச் சான்றுகள் இடந்தரவில்லை. இவ்வாறு எழுதுவது நமக்கு எளிதன்று. எனினும் மாணவர்க்கு விருப்பத்தை வரலாறாகக் கற்பிக்கலாகாது.

ஆனால் தன்னாட்சிக் கோரிக்கை வேறு, தனியரசு வேறு. 2013இல் வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களுள் 30ஐ வென்றது. கூட்டாட்சியைக் கோருவது பிரிவினை ஆகாது என 2017 ஆகத்தில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறாம் திருத்தம் அடைத்த வாயிலில் இத்தீர்ப்பு ஒரு சாளரத்தைத் திறந்தது எனலாம். எனினும் அச்சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்த பின், 2025 வரையிலும் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. நிறுவனம் இன்றிக் கோரிக்கை நிலைப்பது அரிது.

மக்கள் மனநிலையும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2024 செப்டம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரன் ஏறத்தாழ 2,26,000 வாக்குகளைப் பெற்றார். இரு மாதங்களுக்குள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களுள் 3ஐத் தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வென்றது. 2025 மே உள்ளாட்சித் தேர்தலிலோ தமிழரசுக் கட்சி வடகிழக்கில் மீண்டும் முன்னணி பெற்றது. இவற்றை இயக்கத்தின் முடிவு என்றோ மீட்சி என்றோ விரைந்து முடிவு கட்டுவது பொருந்தாது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, வேலை, ஊழல் ஆகிய சிக்கல்களை எவர் தீர்ப்பார் என்று மக்கள் ஒவ்வொரு தேர்தலிலும் எடைபோடுகிறார்கள் என்பதே சரியான வாசிப்பு.

நான்காம் காரணியாகிய தலைமுறைப் பற்று தமிழாசிரியர்க்கு நேரடித் தொடர்புடையது. 2010இல் தாயின் கைப்பிடித்து வாக்குச்சாவடிக்குச் சென்ற குழந்தை இன்று பல்கலைக்கழக வயதினர். தொரன்டோவிலும் இலண்டனிலும் வளர்ந்த அவர்க்குத் தமிழ் படிக்கவும் எழுதவும் வருமாயின், யாழ்ப்பாணத்து மக்களோடு அவர்தம் சொல்லிலேயே உரையாட இயலும். இல்லையேல் அவர் பற்று, தாம் அறியாத நிலத்தைப் பற்றிய நினைவாகவே சுருங்கும். புலத்துக்கும் நிலத்துக்கும் இடையே அத்தகைய உரையாடல் நிகழாதவரை, வெளிநாட்டு வாக்கெடுப்புகள் உள்நாட்டு அரசியலோடு இணைவது கடினம்.

9. முடிவுரை

அந்த இளைய ஆசிரியர்க்கு இப்பொழுது நாம் கூறும் விடை இதுவே: 2009-2010 வாக்கெடுப்புகள் ஒரு மக்களின் விருப்பத்தையும் துயரையும் பதிவு செய்தன. அப்பதிவு வரலாற்றில் நிலைக்கும். ஆயின், விருப்பம் ஆட்சியாக மாறுவதற்கு மறுதரப்பின் உடன்பாடும், அண்டைச் சமூகங்களின் நம்பிக்கையும், நடைமுறை நிறுவனங்களும், நெடுங்காலப் பொறுமையும் தேவை. இவற்றுள் முதலாவது தமிழர் கையில் மட்டும் இல்லை. பிற மூன்றில் அவர்தம் பங்கு பெரிது.

வகுப்பறையில் எந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேசினாலும் மாணவர்களிடம் நான்கு வினாக்களைக் கேட்கப் பழக்கலாம்: வினாவைத் தொடுத்தவர் யார்? வாக்களிக்க உரிமை பெற்றவர் யார்? முடிவை ஏற்பதாக முன்னரே ஒப்பியவர் யார்? மறுநாள் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு யாருடையது? கீழூருக்கும் சிங்கப்பூருக்கும் நார்வேக்கும் இந்நான்கையும் பொருத்திப் பார்க்கும் மாணவன், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணைக் கண்டு மயங்கவும் மாட்டான். அதனை அளித்த மக்களின் துயரை எள்ளவும் மாட்டான்.